சும்மா துடிப்பதற்கு ஆகும் செலவு

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அதற்கு வடக்கே இருக்கும் நாங்களும் தப்பவில்லை. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது, வரப்பு எதுன்னு தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தது. பிரம்மதேசத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் அன்றைக்கு ராத்திரியே கைவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் மின்சாரத்தில் ஓடியது இரண்டே பொருள்கள்: கூடத்துச் சுவர்க் கடிகாரமும் என் போனும்.

கடிகாரத்தில் இருக்கும் ஒற்றை செல்லை யார் எப்போது போட்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அது பாட்டுக்கு ஓடியது. சாதாரண நாளில் ராத்திரிக்குள் செத்துவிடும் போன், 'பேட்டரி சேவர்' போட்டதும் மூன்று நாள் தாங்கியது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு 'நல்லா இருக்கோம்' என்று சொன்னது அந்த போன்தான்.

அந்த இருட்டில் உட்கார்ந்து யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. அதே போன், அதே பேட்டரி. அப்படி எதை நிறுத்தியதால் மூன்று நாள் வந்தது? தேடிப் போனால், சிப்புகளின் வரலாற்றையே வேறு பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டு கடிகாரங்கள்

சுவர்க் கடிகாரத்துக்குள் ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதாவது ஒரு விநாடி. போனுக்குள் இருக்கும் ப்ராசஸருக்கும் ஒரு கடிகாரம் உண்டு. பொறியாளர்கள் அதை 'க்ளாக்' என்றே சொல்வார்கள். முழு வேகத்தில் அது விநாடிக்கு 200, 300 கோடி முறை துடிக்கும்.

இந்தத் துடிப்பு எதற்கு? தேர் இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார், வடம் பிடித்த எல்லோரும் அந்தக் குரலுக்கு ஒன்றாக இழுப்பார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் கோணிக்கொள்ளும். சிப்புக்குள் இருக்கும் லட்சக்கணக்கான நினைவுக் கூறுகளுக்கு அந்தக் குரல்தான் க்ளாக். ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லாம் சேர்ந்து ஓர் அடி எடுத்து வைக்கும்.

குரல் கொடுப்பதற்கு இங்கே செலவு உண்டு. நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், பிறகு மடையைத் திறந்து கடலுக்கே விட வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் ஆகும்? மூன்று விஷயம்தான். பாத்தி எவ்வளவு பெரிசு, தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றுகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏற்றி இறக்குகிறோம்.

சிப்பிலும் அதே கணக்கு. பாத்தியின் அளவுதான் கொள்ளளவு (கெப்பாசிட்டன்ஸ்). உயரம்தான் வோல்டேஜ். எத்தனை முறை என்பதுதான் அதிர்வெண். இதில் உயரம் மட்டும் இரண்டு தடவை கணக்கில் வரும். உயரத்தைப் பாதியாக்கினால் நிரப்ப வேண்டிய தண்ணீரும் பாதியாகிறது, அதைத் தூக்க வேண்டிய உயரமும் பாதியாகிறது. ஆக செலவு கால்வாசிதான். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

அசையாவிட்டால் செலவில்லை, ஆனால்...

இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லா சிப்பும் 'சி-மாஸ்' என்ற முறையில் செய்யப்படுகிறது. 1963-ல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃப்ராங்க் வான்லஸ் கொண்டுவந்த யோசனை இது. அதன் அழகு என்னவென்றால், சுற்று சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது. 0-விலிருந்து 1-க்கோ 1-லிருந்து 0-க்கோ மாறும்போதுதான் எடுக்கும். குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு செல்லில் வருஷக்கணக்கில் ஓடுவதற்கு இதுதான் வழி போட்டது.

வேலை இருந்தால்தான் செலவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப்புக்குள் ஒரே ஒரு கம்பி மட்டும் இந்த நியாயத்துக்குள் வராது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் க்ளாக் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும். மற்ற கம்பிகள் எப்போதாவது மாறும். இது ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். அதுவும் சிப்பின் மூலை முடுக்கெல்லாம் போகும் கம்பி, ஆகவே பாத்தியும் பெரிசு.

அறுபதுகளில் வேகம் குறைவாக இருந்ததால் இது யாருக்கும் உறைக்கவில்லை. 1974-ல் ஐபிஎம்மில் ராபர்ட் டெனார்டும் அவர் கூட்டாளிகளும் ஒரு விதி சொன்னார்கள். டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே வந்தால், சிப்பின் சூடு ஏறாது. நல்ல விதிதான். ஆனால் தொழில் அதைப் பாதிதான் பின்பற்றியது. பழைய சிப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, எண்பதுகள் முழுக்க வோல்டேஜ் 5-லேயே நின்றது. டிரான்சிஸ்டர் சுருங்கியது, வேகம் ஏறியது, உயரம் மட்டும் குறையவில்லை.

58 சென்டிமீட்டர்

1992-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் (சுருக்கமாக டெக்) ஆல்ஃபா 21064 என்ற ப்ராசஸரைக் கொண்டுவந்தது. சுமார் 17 லட்சம் டிரான்சிஸ்டர், 200 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு உலகத்திலேயே வேகமான மைக்ரோப்ராசஸர்களில் ஒன்று. 3.45 வோல்ட்டில் அது எடுத்தது 26 வாட். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சுவர்க் கடிகாரத்தின் செல்லில் ஏறக்குறைய 3 வாட்-மணி சக்தி இருக்கும். கடிகாரத்துக்கு ஒரு வருஷம் வரும் அந்தச் சக்தி, ஆல்ஃபாவுக்கு ஏழு நிமிஷம்!

அதில் க்ளாக் மட்டும் எடுத்துக்கொண்டது சுமார் 40 சதவீதம். கணக்குப் போடுவதற்கு இல்லை, 'எல்லோரும் இழுங்க' என்று குரல் கொடுப்பதற்கு மட்டும்.

அடுத்து வந்த ஆல்ஃபா 21164-ல் 93 லட்சம் டிரான்சிஸ்டர், 300 மெகாஹெர்ட்ஸ். மொத்தம் 50 வாட்டில் 20 வாட் க்ளாக்குக்கே போனது. அந்தத் துடிப்பைச் சிப் முழுக்கத் தள்ளும் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர்களின் அகலத்தையெல்லாம் கூட்டினால் 58 சென்டிமீட்டர்! தபால்தலை அளவுள்ள ஒரு சில்லுக்குள்ளே அரை மீட்டருக்கும் மேல் அகலமான ஒரு பம்ப்செட்டை மடித்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை இல்லாத பாத்திக்கு மடையை அடைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர்களுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் க்ளாக் போகும் வழியில் ஒரு மடை வைத்தால், அந்தப் பக்கம் துடிப்பு கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். குரல் ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் கேட்டால் தேர் கோணும். விநாடியில் 20 கோடியில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிய வேண்டிய இடத்தில் அந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாது. மடையைத் துடிப்பின் நடுவில் மூடிவிட்டால் அரைகுறைத் துடிப்பு போய் எல்லாவற்றையும் குழப்பிவிடும். அதனால் முதல் ஆல்ஃபாவில் நடுவில் ஒரே பெரிய தள்ளி, சிப் முழுக்க ஒரே வலை. வேகத்துக்காகத் தெரிந்தே செய்த செலவு அது. மூன்றாம் தலைமுறையான 21264-ல்தான் படிப்படியாகப் பிரியும் க்ளாக் அமைப்பும், தேவைப்பட்டால் மட்டும் திறக்கும் மடைகளும் வந்தன.

மெதுவாகப் போகலாம் என்று சொன்னவர்கள்

முதல் ஆல்ஃபா வந்த அதே 1992-ல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அனந்த சந்திரகாசன், சாமுவேல் ஷெங், ராபர்ட் ப்ரோடர்சன். முதல் பெயர்க்காரர் நம்ம சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா போனவர். பின்னாளில் எம்ஐடி-யின் பொறியியல் பிரிவுக்கே தலைவரானார்.

அவர்கள் சொன்னது எளிமையான விஷயம். வோல்டேஜைக் குறைத்தால் சுற்று மெதுவாகும், அதனால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மெதுவாகட்டுமே! ஒரு வேகமான ஆளுக்குப் பதிலாக, பாதி வேகத்தில் வேலை செய்யும் இரண்டு ஆட்களை வையுங்கள். வேலை அதே நேரத்தில் முடியும். ஒரு சின்னக் கூட்டல்-ஒப்பீட்டுச் சுற்றை எடுத்துக்கொண்டு காட்டினார்கள். 5 வோல்ட்டில் ஓடியதை இரண்டாகப் பெருக்கி, பாதி அதிர்வெண்ணில் 2.9 வோல்ட்டுக்கு இறக்கினால், மின்செலவு 36 சதவீதமாகக் குறைந்தது. சிலிக்கான் இடம் 3.4 மடங்கு ஆனது. இடத்தைக் கொடுத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பேரம் இது. இன்றைக்கு உங்கள் போனில் எட்டு கோர் இருப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே பேரம்தான்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் அடுத்து வருகிறது. சூடான ஆல்ஃபாவைச் செய்த அதே டெக் நிறுவனப் பொறியாளர்கள், 1996-ல் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-110 என்ற ப்ராசஸரைக் கொண்டுவந்தார்கள். 160 மெகாஹெர்ட்ஸ், வெறும் அரை வாட். ஆல்ஃபாவில் ஐம்பதில் ஒரு பங்கு.

எப்படி என்று அவர்களே ஓர் அட்டவணையில் ஒவ்வொரு படியாகக் காட்டியிருக்கிறார்கள். 26 வாட்டில் தொடங்குகிறார்கள். வோல்டேஜை 3.45-லிருந்து 1.5-க்கு இறக்கியதில் 5.3 மடங்கு குறைந்து 4.9 வாட். தேவையில்லாத வேலைப் பகுதிகளை எடுத்ததில் 3 மடங்கு, 1.6 வாட். புதிய, சின்ன டிரான்சிஸ்டர்களுக்கு மாறியதில் 2 மடங்கு, 0.8 வாட். க்ளாக்கின் சுமையைக் குறைத்ததில் 1.3 மடங்கு, 0.6 வாட். அதிர்வெண்ணை 200-லிருந்து 160 ஆக்கியதில் 1.25 மடங்கு, கடைசியில் 0.5 வாட்.

இந்த அட்டவணையை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இதில் மாயவித்தை எதுவுமே இல்லை. உயரத்தைக் குறை, தேவையில்லாத பாத்தியை எடு, பாத்தியைச் சின்னதாக்கு, கொஞ்சம் மெதுவாக இறை. உப்பளத்தில் டீசல் காசு பார்க்கும் எவரும் சொல்லக்கூடியதுதான். வித்தை தெரிந்த அந்தக் கைகள் முன்னாலும் அங்கேதான் இருந்தன. கேட்ட கேள்விதான் மாறியது. 'எவ்வளவு வேகமாகப் போகலாம்' என்று கேட்டபோது ஆல்ஃபா வந்தது. 'பேட்டரியில் ஓட வேண்டும்' என்று சொன்னபோது ஸ்ட்ராங்ஆர்ம் வந்தது.

பெங்களூரு வரைக்கும் வந்த அரை வாட்

ஸ்ட்ராங்ஆர்ம் 1997-ல் ஆப்பிளின் நியூட்டன் மெசேஜ்பேட் 2000 என்ற கையடக்கக் கருவிக்குள் போனது. டெக் நிறுவனத்துக்கும் இன்டெலுக்கும் இடையே நடந்த ஒரு வழக்கின் சமரசத்தில், ஸ்ட்ராங்ஆர்ம் இன்டெல் கைக்குப் போனது.

அங்கிருந்து நம்ம பக்கம் வந்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனமும் சேர்ந்து, கிராமத்து மக்களும் பயன்படுத்தக்கூடிய விலை குறைந்த கையடக்கக் கணினி ஒன்றை வடிவமைத்தார்கள். அதுதான் சிம்ப்யூட்டர். முதல் மாதிரி 2001 ஏப்ரலில் வெளியானது. உள்ளே இருந்தது ஸ்ட்ராங்ஆர்ம் குடும்பத்தின் எஸ்ஏ-1110. அதைச் சின்ன ஏஏஏ பேட்டரிகளில் ஓட்டினார்கள். சந்தையில் சிம்ப்யூட்டர் நிற்கவில்லை, அது தனிக் கதை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊர்களுக்கு ஒரு கணினியைக் கொண்டுபோகலாம் என்று 2001-ல் ஒருத்தர் கனவு காண முடிந்ததற்கே அந்த அரை வாட் தேவைப்பட்டது. 26 வாட் சிப்பை வைத்துக்கொண்டு அந்தக் கனவைக் கண்டிருக்கக்கூட முடியாது.

2004: சுவரில் முட்டிய வருஷம்

மேசைக் கணினி உலகம் மட்டும் அந்தப் பாடத்தைக் கேட்கவில்லை. விளம்பரத்தில் மெகாஹெர்ட்ஸ்தான் விலை போனது. இன்டெலின் பென்டியம் 4 முழுக்க வேகத்துக்காகக் கட்டப்பட்டது. ஒரு வேலையை 20 படிகளாக உடைத்தார்கள், 2004-ல் வந்த ப்ரெஸ்காட்டில் 31 படிகளாக. படி கூடக்கூட நடுவில் நிற்கும் நினைவுக் கூறுகளும் கூடும், அத்தனைக்கும் குரல் கொடுக்க வேண்டும். 3.8 கிகாஹெர்ட்ஸில் அதன் கணக்கு 115 வாட். டிரான்சிஸ்டர்கள் சுருங்கிச் சுருங்கி, சும்மா இருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்திருந்தது. வான்லஸ் தந்த வாக்குறுதியே ஆட்டம் கண்டது. கசிவு கூடுவதால் வோல்டேஜையும் இனி முன்போல் குறைக்க முடியாது. டெனார்டின் விதி அங்கே முடிந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2001-லேயே இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில், இப்படியே போனால் சிப்பின் சூட்டு அடர்த்தி அணு உலையையும் ராக்கெட் முனையையும் தாண்டிச் சூரியனின் மேற்பரப்பு வரை போகும் என்று பேசினார். 2004 மே மாதம் அடுத்த தலைமுறையான தேஜாஸ் திட்டம் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-உம் ரத்து. அப்போதைய தலைவர் க்ரெய்க் பாரெட் ஒரு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். இடைப்பட்ட காலத்தில் இஸ்ரேலில் இருந்த இன்டெல் குழு செய்த, அதிர்வெண் குறைந்த, மடைகள் நிறைந்த பென்டியம் எம் 2003-லேயே மடிக்கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்காலம் அந்தப் பக்கம்தான் போனது.

அதற்குப் பின் 'க்ளாக் கேட்டிங்' எனப்படும் மடை வைக்கும் முறை எல்லோருக்கும் சாதாரணமாகிவிட்டது. துடிப்பு தாழ்ந்திருக்கும்போது மட்டும் மடை திறந்து மூடும்படி ஒரு சின்னப் பூட்டையும் சேர்த்துவிடுகிறார்கள், ஆகவே அரைகுறைத் துடிப்பு போவதில்லை. எங்கே மடை வைக்கலாம் என்பதை வடிவமைப்பு மென்பொருளே தேடிப் போட்டுவிடுகிறது.

இன்னொரு முயற்சியும் உண்டு. ஏற்றிய தண்ணீரை ஏன் ஒவ்வொரு முறையும் கடலுக்கு விட வேண்டும்? ஊஞ்சலை யாரும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகத் தூக்கிவிடுவதில்லை, லேசாகத் தட்டினால் போதும். க்ளாக் வலையோடு சின்னக் கம்பிச் சுருள்களைச் சேர்த்தால், மின்சக்தி அவற்றுக்கும் வலைக்கும் இடையே ஊஞ்சல் மாதிரி போய்வரும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த சைக்ளோஸ் என்ற நிறுவனத்தின் இந்த முறையை, 2012-ல் ஏஎம்டி தன் பைல்ட்ரைவர் ப்ராசஸரில் சேர்த்தது. க்ளாக்கின் மின்செலவில் 24 சதவீதம் வரை மிச்சம் என்றார்கள். ஐபிஎம்மின் பவர்8-லும் இதே வழி உண்டு. ஆனால் ஊஞ்சலுக்கு ஒரு தாளம்தான் பிடிக்கும், வேகத்தை நினைத்தபடி மாற்றினால் பலன் குறையும். போன் போல நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் மாற்றும் கருவிகளுக்கு, மடையை அடைப்பதும் உயரத்தைக் குறைப்பதும்தான் இன்னும் கைகொடுக்கின்றன.

நம்ம சிப்

சென்னை ஐஐடி-யில் வீ. காமகோடியின் குழு 2014-ல் தொடங்கிய சக்தி ப்ராசஸர் திட்டம் பலருக்கும் தெரிந்திருக்கும். 2018-ல் அதன் ஒரு சிப் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் அமெரிக்காவில் வார்க்கப்பட்டது. இன்னொன்று சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள அரசு ஆலையில், 180 நானோமீட்டரில். செய்தி வந்தபோதெல்லாம் இணையத்தில் ஒரே கேள்விதான்: 'எத்தனை கிகாஹெர்ட்ஸ்? இன்டெலைத் தாண்டுமா?'

எனக்கு அந்தக் கேள்வியே தப்பான வரலாற்றைப் படித்ததால் வருவது என்று படுகிறது. நாம் படித்த வரலாறு வேகப் பந்தயத்தின் வரலாறு. அந்தப் பந்தயம் 2004-ல் முடிந்துபோச்சு. கூடவே ஓடிய இன்னொரு வரலாறு, சும்மா துடிப்பதை யார் எப்படி நிறுத்தினார்கள் என்பது, இன்னும் முடியவில்லை. சக்தி குடும்பத்திலேயே ஈ-வகை என்று மூன்றே படிகள் கொண்ட சின்ன ப்ராசஸர் உண்டு, சென்சார் போன்ற சின்னக் கருவிகளுக்காக. மரக்காணத்துக் கழிமுகத்தில் நீர்மட்டம் பார்க்கும் ஒரு பெட்டியை, கரண்ட் இல்லாத இடத்தில், ஒரே பேட்டரியில் பல வருஷம் ஓட்ட வேண்டும் என்றால் நமக்கு வேண்டியது அந்த மாதிரி சிப்தான். அதற்கு ஒளிச்சில்லு வேகம் தேவையில்லை. எப்போது துடிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் புயல் நாட்களுக்கே வருகிறேன். பேட்டரி சேவர் என்ன செய்தது என்று இப்போது புரிகிறது. வோல்டேஜைக் குறைத்தது, அதிர்வெண்ணைக் குறைத்தது, பின்னணியில் எழுந்து எழுந்து வேலை கேட்கும் செயலிகளை அடக்கி வைத்தது. வேலை இல்லாத பகுதிகளின் மடைகள் மூடியே கிடந்தன. நான் போனைக் கீழே வைத்துத் திரை அணைந்ததும் அந்த 200 கோடித் துடிப்பும் நின்றுவிடும். நேரம் பார்க்கவும், அழைப்பு வந்தால் எழுப்பவும் ஒரே ஒரு சின்னக் க்ளாக் மட்டும் விழித்திருக்கும். அதன் வேகத்தைத் தேடிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விநாடிக்கு 32,768. கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுவேதான்.